மெழுகில் இருபத்திரெண்டாவது குழி

ஜனவரி 9

ஆமாக்கா, ரத்தம்தான். வாரா வாரம். நீ தப்பாப் படிக்கல, நானும் தப்பா எழுதல.

நீ எப்படி இருக்க, நின்னு நின்னு வர்ற முட்டி வலி எப்படி இருக்குன்னு மொதல்ல கேட்டிருக்கணும். இப்ப கேட்டாச்சு. இங்க நானும் அண்ணனும் நல்லா இருக்கோம். அண்ணன் நல்லா இருக்கான்னா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும்.

விஷயம் இதுதான். பழைய டாக்டர் ரிட்டயர் ஆயிட்டார். புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க. அண்ணனோட ஃபைலை மொதல் பக்கத்துல இருந்து படிச்சாங்க. எனக்கு அங்கயே சந்தேகம் வந்துருச்சு. எந்த டாக்டர் ஃபைலை மொதல் பக்கத்துல இருந்து படிக்கிறாங்க? வெளில நாப்பது பேர் உக்காந்திருக்காங்க, இவங்க பாட்டுக்கு நாவல் படிக்கிற மாதிரி புரட்டுறாங்க.

படிச்சு முடிச்சிட்டு சொன்னாங்க. மனச்சிதைவு வந்தவங்கள்ல சில பேருக்கு வழக்கமான மருந்து கேக்காதாம். ரெண்டு மருந்தை, முழு அளவுல, ஆறு வாரத்துக்குக் குறையாம குடுத்தும் குரல் நிக்கலன்னா மூணாவதுக்குப் போகலாமாம். அது பேர் க்ளோசபின். மத்தது எதுவும் கேக்காதவங்களுக்கு அதுதான் கேக்குமாம். ஆனா ஒண்ணு, அது சில பேர் ரத்தத்துல வெள்ளை அணுவைக் குறைச்சிரும். அதனால மொதல் நாலு மாசம் வாரா வாரம் ஊசி குத்திப் பாக்கணுமாம்.

லேப் டெக்னீஷியன் படிப்பைப் பாதில விட்டவன்தானேன்னு என்கிட்ட அளந்து விடுறாங்களோன்னு பழைய புக்கைத் தேடி எடுத்துப் பாத்தேன். உண்மைதான் போல. அதுக்காக நம்பிடணுமா என்ன? வாரா வாரம் ஒரு மனுஷன் ரத்தம் எதுக்கு வேணும்? ஏதாவது ஆராய்ச்சி பண்றாங்களோன்னு எனக்கு ஓடிக்கிட்டே இருக்கு.

இன்னொண்ணு. டாக்டரம்மா ஒரு கேள்வியை மூணு தடவை கேட்டாங்க. ரெண்டாவது மருந்து, அந்த ரிஸ்பெரிடோன், அதை இவர் ஒழுங்காச் சாப்பிட்டாரான்னு. நாலு வருஷத்துக்கு முன்னாடி அக்காதான் கையால எடுத்துக் குடுத்தா, அவளைத்தான் கேக்கணும்னேன். எழுதி வாங்கிட்டு வான்னாங்க. எதுக்கு எழுத்துல கேக்குறாங்கன்னு தெரியல. நீ பாத்து எழுது.

போன் பண்ணலாம்னுதான் பாத்தேன். வீட்டுக்கு வந்த ரெண்டு போனையும் அண்ணன் வாளித் தண்ணில முக்கினதுல இருந்து நான் டெலிவரி வேலைக்குக் குடுத்த போனைக்கூட ஆபீஸ்லயே வச்சிட்டுத்தான் வரேன். கடைல இருந்து கூப்பிட்டா நீ, 'எழுதுடா, போன்ல பேசினா அழுகை வருது'ன்னு வச்சிடுற. அழுகைதானா அதுன்னு எனக்கு ஒரு டவுட் உண்டு. சரி விடு.

அண்ணன் காதுக்குள்ள பேசுற கமிட்டி, அந்த மூணு குரலும், உன்னை விசாரிச்சதாம். அண்ணன் சொல்லச் சொன்னான்.

உடம்பைப் பாத்துக்கோ.
சின்னவன்

*

ஜனவரி 22

சின்னவனுக்கு,

அக்கா சுகமா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும், எனக்கு அது போதும்.

இங்க நாலு நாளா விடாத மழை. ஹாஸ்டல் மாடில போட்ட துணி காயவே மாட்டேங்குது. ஈரத்தோடயே போட்டுக்கிட்டு ஃபேக்டரிக்குப் போறோம், மெஷின் சூட்டுல அதுவா காஞ்சிருது. லைனுக்கு புது சூப்பர்வைசர் வந்திருக்கா. ஆள் குள்ளம். திட்டணும்னா ஸ்டூல் மேல ஏறித்தான் திட்டுறா. அவ ஸ்டூலைத் தேடுற நேரத்துல நாங்க தப்பைச் சரி பண்ணிடுவோம். முட்டி வலி பரவால்ல.

கேட்டிருந்தியே. குடுத்தேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, வேளை தவறாம என் கையால குடுத்தேன். அப்படியே டாக்டர்கிட்ட சொல்லிடு.

புது மருந்தை ஆரம்பிங்க. ரொம்ப யோசிக்காத. பழசைக் கிளறாத.

பெரியவனை அதட்டாத.
அக்கா

*

பிப்ரவரி 10

அக்கா,

நாங்க நலம், நீ நலமான்னு கேக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. மழைக்கும் சூப்பர்வைசருக்கும் பத்து வரி, மாத்திரைக்கு மூணு வரி. ஏன்? வேலை அதிகம்னு சொல்லுவ. சரி.

உன் கடுதாசியைக் காட்டினேன். டாக்டரம்மா படிச்சிட்டு ஃபைல்ல குத்தி வச்சிட்டு மருந்து எழுதினாங்க. ரொம்பச் சின்ன அளவுல ஆரம்பிச்சு ரெண்டு நாளைக்கு ஒருதரம் ஏத்துறாங்க. காலைல தலகாணி முழுக்க எச்சில். துண்டு போட்டுப் படுக்கிறான். எந்திரிச்சா தலை சுத்துதுன்னு சுவரைப் பிடிச்சுக்கிறான். இதெல்லாம் வரும்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க. எல்லாத்தையும் முன்னாடியே சொல்றவங்களைப் பாத்தாலும் எனக்கு பயமாத்தான் இருக்கு.

நான் யாரையும் நம்புறதா இல்ல. ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்ல ஒரு ஆள் இருக்கான், சோத்துல கல்லு கடிச்ச மாதிரியே ஒரு மூஞ்சி. அவன் குடுக்கிற அட்டையை அங்கயே நின்னு எண்ணுறேன். லேப்ல ட்யூப் மேல ஒட்டுற சீட்டுல அண்ணன் நம்பர்தான் இருக்கான்னு எட்டிப் பாக்குறேன். 'உள்ள வந்து நீங்களே குத்துறீங்களா தம்பி'ன்னு அந்த லேப் பொண்ணு கேட்டுச்சு. படிப்பை முடிச்சிருந்தா குத்தியிருப்பேன்னேன்.

வீட்ல மாத்திரை போட்டதும் 'ஆ காட்டு, நாக்கைத் தூக்கு, கன்னத்தை இழு'ன்னு டார்ச் அடிச்சுப் பாக்குறேன். அண்ணன் சிரிக்கிறான். 'பதினோரு வருஷம் பல் செட்டு செஞ்சவன் வாய்க்குள்ளயே டார்ச் அடிக்கிறியேடா'ங்கிறான்.

அப்புறம் பழைய பாட்டு திரும்ப ஆரம்பிச்சிருக்கு. மாத்திரையைக் கைல வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்து, 'மாத்தலையே?'ங்கிறான். உனக்கு ஞாபகம் இருக்கும். அப்ப பூரா இதே புலம்பல்தானே, 'அக்கா மாத்திரையை மாத்துறா, அக்கா மாத்திரையை மாத்துறா'ன்னு. பழைய டாக்டர்கூட அதை நோயோட அறிகுறின்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கார், ஃபைல்ல பாத்தேன். அப்ப நான் ஸ்கூல் பையன். ஒரு நாள் கடுப்பாகி, 'ஆமா, உனக்கு எலி மருந்து வைக்கிறா'ன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்தான். அதை நினைச்சா இன்னும் ஒரு மாதிரி இருக்கு.

பதில் போடு. மழையைக் குறைச்சு எழுது.
சின்னவன்

*

மார்ச் 14

அக்கா,

நான் எழுதி ஒரு மாசமாச்சு, உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. உடம்புக்கு ஏதாவதா? இல்ல என் மேல கோவமா? ரெண்டும் இல்லன்னா மூணாவதா என்ன?

உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்றது, அதான் எழுதுறேன். கமிட்டில ஒரு ஆள் ராஜினாமா.

நான் சொல்லல, அண்ணன் சொன்னான். போன செவ்வாக்கிழமை டீ குடிச்சுக்கிட்டு இருந்தவன் சட்டுன்னு தலையைத் தூக்கி, 'டேய், அந்தக் கரகரக் குரல்காரன் நாலு நாளா வரல'ன்னான். எங்க போனான்னேன். 'டிரான்ஸ்ஃபரா இருக்கும்'னான். சொல்லிட்டு அவனே சிரிச்சான். அண்ணன் ஜோக் அடிச்சு நான் எப்ப கேட்டேன்னு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகமே வரல. எந்திரிச்சுப் போய் பைக்கைத் துடைச்சேன். ஏற்கெனவே துடைச்ச பைக்தான்.

மீதி ரெண்டு பேரும் இருக்காங்க. ஆனா பக்கத்து ரூம்ல ரேடியோ ஓடுற மாதிரிதான் கேக்குதாம். என்ன சொல்றாங்கன்னு உத்துக் கேட்டாத்தான் புரியுதாம். 'அப்ப உத்துக் கேக்காத'ன்னேன். 'அதான் பண்றேன்'னான்.

பல் லேப் ஓனரை வழில பாத்தேன். அண்ணன் எப்படின்னு கேட்டார். வீட்டுக்கே வேலை அனுப்பிப் பாக்கலாம்னார். இவருக்கு எதுக்கு திடீர்னு அக்கறைன்னு கொஞ்சம் இடிச்சது. அப்புறம் சொன்னார், அண்ணன் விட்டப்புறம் மூணு பேரைப் போட்டுப் பாத்தாராம், ஒருத்தன் செஞ்ச செட்டும் வாய்க்குள்ள உக்காரவே மாட்டேங்குதாம்.

வெள்ளை அணு நல்லா இருக்கு. பத்திரமா இரு. எழுது.
சின்னவன்

*

மார்ச் 27

சின்னவனுக்கு,

எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். உன் கடுதாசியை லைன்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். ராஜினாமா, டிரான்ஸ்ஃபர்னு படிச்சதும் அந்த சூப்பர்வைசர்கூட சிரிச்சா. அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்னேன்.

கை நடுங்குதா அவனுக்கு? அதைப் பத்தி நீ எழுதவே இல்ல. டம்ளர் பிடிக்கும்போது பாரு. பல் செட்டுக்கு மெழுகு சீவும்போது பாரு. நடுங்கினா உடனே டாக்டர்கிட்ட சொல்லு, வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா இருக்காத, அதுக்கும் மாத்திரை இருக்காம். உடனே சொல்லு.

நடுங்குதான்னு மறக்காம எழுது. வேற ஒண்ணுமில்ல. நல்லபடியா இருங்க.
அக்கா

*

ஏப்ரல் 16

அக்கா,

கை நடுங்கல. முட்டி வலிக்கு மருந்து போடு, அண்ணன் சொல்லச் சொன்னான். எல்லாரும் சௌக்கியம்.

இப்ப என் முறை. கையைப் பத்தி ஏன் மூணு தடவை கேட்ட? க்ளோசபினுக்குக் கை நடுக்கம் ரொம்பக் குறைவுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துக்குத்தான் அது வருமாம். உனக்கு எப்படித் தெரியும்? அதுக்கு மாத்திரை இருக்குங்கிறது எப்படித் தெரியும்?

அண்ணன் ஒரு மேல்செட்டு முடிச்சிட்டான். பதினாலு பல். ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, ஸ்பிரிட் விளக்குல கத்தியைச் சூடாக்கி, மெழுகைச் சீவிச் சீவி. நான் வாசல்ல நின்னு பாத்தேன், மூச்சுகூட விடல. ஓனர் ஒரு பெரியவர் வாயில வச்சுப் பாத்தாராம், டப்புன்னு உக்காந்துருச்சாம். அந்தப் பெரியவர் கழட்டவே மாட்டேன்னுட்டாராம்.

அந்த வேலைக்கு மெழுகு தேடினப்பதான் இது கிடைச்சது. அவனோட தகர டப்பாவுக்கு அடில ஒரு மெழுகுத் தகடு. பல் லேப்ல உபயோகிப்பாங்களே ரோஸ் கலர்ல, அது. அது பூரா வரிசை வரிசையாக் குழி. எண்ணினேன், அறுபத்தி நாலு. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ஊசியால தேதி கீறியிருக்கான், எல்லாம் நாலு வருஷத்துக்கு முந்தின தேதி. மாத்திரையை அமுக்கி அச்சு எடுத்திருக்கான்க்கா. தினமும் காலைல போடுறதுக்கு முன்னாடி ஒரு அமுக்கு. பல்லுக்கு அச்சு எடுக்கிறவன் மாத்திரைக்கு எடுத்திருக்கான்.

மொதல் இருபத்தி ஒண்ணும் நீளமா இருக்கு, நடுவுல ஒரு கோடு. அதுக்கப்புறம் நாப்பத்தி மூணும் உருண்டை. கோடு இல்ல, வழவழன்னு.

என்னடா இதுன்னு கேட்டேன். எப்பவும் கோவப்படுறவன் கோவப்படல. வாங்கிப் பாத்துட்டு, துணில சுத்தித் திரும்ப உள்ள வச்சிட்டான். 'விடுடா, அவ பாவம்'னான்.

எவ பாவம்னேன். விளக்கைப் பத்த வச்சு மெழுகைச் சீவ ஆரம்பிச்சிட்டான்.

பைத்தியக்காரத்தனம்னு நினைச்சுத்தான் அன்னைக்குத் தூங்கினேன். காலைல எந்திரிச்சா அந்தக் கோடு கண்ணுக்குள்ளயே நிக்குது.

நீ எழுது. நான் காத்திருக்கேன்.
சின்னவன்

*

மே 4

சின்னவனுக்கு,

சுகம். உங்க சுகத்துக்கு வேண்டிக்கிறேன்.

இங்க ஏற்றுமதி நேரம், ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாக்குறோம். அதான் எழுத முடியல.

அந்த மெழுகை எதுக்கு வச்சிருக்கீங்க. வெயில் காலம், உருகி டப்பா பூரா ஒட்டிக்கும். தூக்கிப் போட்டுடு. அவன் நல்லா ஆயிட்டு வர்ற நேரத்துல பழசு எதுவும் கண்ணுல பட வேண்டாம்.

மேல்செட்டு விஷயம் கேட்டு சந்தோஷம்.
அக்கா

*

மே 20

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்ல.

போன வாரம் வெள்ளை அணு கொஞ்சம் இறங்கியிருக்குன்னு ரெண்டு நாளைக்கு ஒருதரம் குத்தினாங்க. இன்னும் இறங்குச்சு. திங்கக்கிழமை டாக்டரம்மாவே லேப்புக்கு நடந்து வந்தாங்க. சீட்டைப் பாத்தாங்க. க்ளோசபினை நிறுத்துன்னுட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா இல்ல, அன்னைக்கே. காய்ச்சல் வந்தா எந்த நேரமானாலும் ஓடி வரணும்னாங்க. ரத்தத்தைப் பத்தி அந்தம்மா சொன்னது ஒண்ணுகூடப் பொய் இல்ல. நாலு மாசம் நான் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கேன்.

காய்ச்சல் வரல. ஆனா நிறுத்தி மூணாவது நாளே கரகரக் குரல்காரன் வந்துட்டான். அண்ணன் ஸ்பிரிட் விளக்கை அணைச்சிட்டு, கத்தியைத் துணில சுத்தி என்கிட்ட குடுத்தான். 'இது உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் தராத'ன்னான். ஓனருக்குப் பாதிச் செட்டு அப்படியே கிடக்கு.

இனி என்ன குடுப்பீங்கன்னு டாக்டரம்மாவைக் கேட்டேன். மொதல் மருந்தை அஞ்சாறு வருஷம் குடுத்தாச்சு, குண்டானதுதான் மிச்சம். ரெண்டாவது முழு அளவுல கேக்கலன்னு ஃபைல் சொல்லுது. மூணாவதைத் தொடவே கூடாது. 'எழுத்துல இருக்கிறதை வச்சுப் பாத்தா என் கைல பெருசா எதுவும் மிச்சமில்ல தம்பி'ன்னாங்க. சொல்லிட்டு பேனாவை மூடல. 'ரெண்டாவதை அவர் நிஜமாவே சாப்பிட்டிருந்தா'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிட்டாங்க.

நான் நேரா மருந்துக் கடைக்குப் போனேன். மெழுகைத் தூக்கிப் போடல, சட்டைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனேன். நாலு வருஷத்துக்கு முந்தின சீட்டுல இருந்த அதே கம்பெனி ரிஸ்பெரிடோனை எடுத்துக் காட்டச் சொன்னேன். நீளம், நடுவுல கோடு. மொதக் குழில வச்சேன். அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. இருபத்தி ரெண்டாவதுல வச்சேன். உக்காரல. அப்புறம் கடைக்காரர்கிட்ட சத்து மாத்திரை பாட்டிலை எடுக்கச் சொன்னேன். நம்ம வீட்டு அலமாரில எப்பவும் இருக்குமே, நீ சாப்பிடுவியே, அது. உருண்டை. இருபத்தி ரெண்டுல இருந்து அறுபத்தி நாலு வரைக்கும் எதுல வச்சாலும் உக்காருது.

இதை நான் டாக்டரம்மாகிட்ட இன்னும் காட்டல. காட்டினா என்ன ஆகும்? நோயாளி செஞ்ச மெழுகு, படிப்பை விட்டவன் சொல்ற கதை. ஃபைல்ல நீ கைப்பட எழுதின கடுதாசி இருக்கு. அதுக்கு முன்னாடி இது நிக்காது. நீ எழுதினதை நீதான் மாத்தி எழுதணும்.

எனக்குக் கோவம் இருக்கு. அதை அப்புறம் வச்சுக்கலாம். கமிட்டி முழுசாக் கூடுறதுக்கு முன்னாடி ஒரு மருந்து மிச்சம் இருக்கா இல்லையா, அது உன் கைலதான் இருக்கு.

மழை வேண்டாம். சூப்பர்வைசர் வேண்டாம். மாத்தினியா?

*

மே 24

சின்னவனுக்கு,

மாத்தினேன்.

தபால்ல போட்டா நாளாகும்னு கூரியர்ல அனுப்புறேன். இதை டாக்டர்கிட்ட அப்படியே குடு. அவங்க படிக்கிற மாதிரிதான் எழுதுறேன்.

ரிஸ்பெரிடோனை மூணு வாரம் ஒழுங்காக் குடுத்தேன். அந்த மூணு வாரத்துல அவனுக்குக் குரல் குறைஞ்சது. அவனே சொன்னான். இதை நான் அப்ப இருந்த டாக்டர்கிட்ட சொல்லல. ஏன்னா அதே நேரத்துல கை நடுங்க ஆரம்பிச்சது. டம்ளரைப் பிடிச்சா தண்ணி தளும்பும். லேப்ல இருந்து ரெண்டு செட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது செட்டுக்கு அவனையே திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழட்டாம கட்டில் ஓரமா உக்காந்து தன் கையையே பாத்துக்கிட்டு இருந்தான். குரல் கேட்டப்பகூட வேலைக்குப் போனவன். குரல் குறைஞ்சு உக்காந்திருக்கான். எனக்குத் தாங்கல.

டாக்டர்கிட்ட கேட்டிருக்கணும். நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை இருக்குன்னு இங்க ஹாஸ்டல்ல ஒரு பொண்ணோட அப்பாவுக்குக் குடுத்தப்பதான் எனக்குத் தெரிஞ்சது. அன்னைக்கு நான் கேக்கல. அட்டைல இருந்து பிரிச்சுப் பாட்டில்ல போட்டு வச்சிருந்ததைக் கொட்டிட்டு என்னோட சத்து மாத்திரையை நிரப்பினேன். கொஞ்ச நாளைக்கு, கை நடுக்கம் நிக்கிற வரைக்கும்னு நினைச்சேன். கை நின்னுச்சு. லேப்ல திரும்பச் சேத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் மாத்திக் குடுக்கிறதை நிறுத்த மனசு வரல.

குரல் திரும்ப வந்துச்சு. மருந்து கேக்கலன்னு டாக்டர் அளவைக் கூட்டினார். நான் சத்து மாத்திரையை ரெண்டாக் குடுத்தேன். ரெண்டாவது மாசம் அவனைக் கட்டித் தூக்கிட்டுப் போற நிலைமை ஆச்சு. வார்டுல சேத்ததும், இது வேலைக்கு ஆகலன்னு எழுதி நிறுத்திட்டு, பழைய மருந்துக்கே போயிட்டாங்க.

அவன் மொத நாளே கண்டுபிடிச்சிட்டான். 'அக்கா, மாத்திட்ட'ன்னான். 'உனக்குப் பைத்தியம்டா'ன்னேன். ஒரு தடவை இல்ல, தினமும் சொன்னேன். டாக்டர் முன்னாடி வச்சும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கிட்டார்.

அப்புறம் என்னால அந்த வீட்ல இருக்க முடியல. வேலை கிடைச்சதுன்னு கிளம்பி வந்தேன். ஜனவரில நீ கேட்டப்ப, வேளை தவறாம குடுத்தேன்னு எழுதினேன். என்ன குடுத்தேன்னு எழுதல.

இதுதான் உண்மை. கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னைக் கேள்வி கேக்கணும்னா வரச் சொல்லு, வரேன்.
அக்கா

*

ஜூன் 12

அக்கா,

ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து எழுதுறேன். டோக்கன் முப்பத்தி ஒண்ணு. இப்ப இருபத்தி நாலு ஓடுது.

மொதல்ல உன் உடம்பு. சாப்பிடுறியா? கடுதாசி போட்டப்புறம் நீ சாப்பிட்டிருக்க மாட்டன்னு அண்ணன் சொல்றான். சாப்பிடு.

உன் கடுதாசியை டாக்டரம்மா ரெண்டு தடவை படிச்சாங்க. மெழுகைக் கைல வாங்கி வெளிச்சத்துல வச்சுப் பாத்தாங்க. நான் திட்டு வரும்னு நின்னேன். திட்டல. 'இது ஜனவரில தெரிஞ்சிருந்தா நான் க்ளோசபினுக்குப் போயே இருக்க மாட்டேன்'னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் ஃபைலைத் திறந்து பழைய டாக்டர் கொட்டை எழுத்துல எழுதின வரியைத் தேடினாங்க. 'அக்கா மாத்திரையை மாத்துவதாக நம்புகிறார்.' அதுக்கு நேரா ஓரத்துல எழுதினாங்க, 'உண்மை.' எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டாங்க. அண்ணன் எதிர்லயே உக்காந்திருந்தான். தலைகீழாவே படிச்சிட்டான். படிச்சிட்டு, 'அந்தப் பேஜை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா டாக்டர்'னான். எடுத்துக் குடுத்தாங்க. சட்டைப் பைல வச்சிருக்கான். இப்பகூட அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுதான் பக்கத்துல உக்காந்திருக்கான்.

அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த எலி மருந்துப் பேச்சுக்கு. 'அது சும்மா சொன்னன்னு எனக்கு அப்பவே தெரியும்'னான். அப்ப ஏண்டா ரெண்டு நாள் சாப்பிடலன்னேன். 'கமிட்டிக்குத் தெரியலையே'ன்னான்.

உன்னைப் பத்திக் கேட்டேன். கோவம் இல்லையாடான்னு. சொன்னான், 'என் கை நடுங்குனதுக்கு அவதான் அழுதா, நான் அழல. ஆனா பைத்தியம்னு சொன்னது வலிச்சது. அதை மட்டும் அவ நேர்ல வந்து சொல்லணும்.' என்ன சொல்லணும்னேன். 'நீ சொன்னது சரின்னு' அப்படின்னான். அவ்வளவுதான் கேட்டான்.

வெள்ளை அணு ஏறிருச்சு. ரிஸ்பெரிடோன் ஆரம்பிச்சு பதினொரு நாள். சின்ன அளவு, கூடவே நடுக்கத்துக்கும் ஒரு மாத்திரை. விரல் லேசா ஆடுது, டீ தளும்புற அளவுக்கு இல்ல. கமிட்டி இன்னும் கலையல. கேக்குமா கேக்காதான்னு ஆறு வாரம் போனாத்தான் தெரியும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இந்தத் தடவை அவங்க சொல்றதை அப்படியே எழுதி வச்சிருக்கேன்.

ஒண்ணு சொல்லணும். மொத நாள் மாத்திரையைக் கைல குடுத்ததும் அண்ணன் அந்த மெழுகை எடுத்தான். உருண்டைக் குழி நாப்பத்தி மூணையும், நான் பக்கத்துலயே நின்னு குடுத்த கத்தியோட முதுகைச் சூடாக்கித் தேச்சு மூடிட்டான். வழவழன்னு ஆக்கிட்டு, இருபத்தி ஒண்ணுக்குப் பக்கத்துல புது மாத்திரையை வச்சு அமுக்கினான். நீளம், நடுவுல கோடு. கீழ தேதி கீறினான். 'அக்காவுக்கு எழுதும்போது சொல்லு, இன்னைக்கு இருபத்தி ரெண்டு'ன்னான். இன்னைக்கு முப்பத்தி ரெண்டு.

லீவு போட்டுட்டு வா. வந்தா மாத்திரையை நீயே உன் கையால குடு. நான் பக்கத்துல டார்ச்சோட நிப்பேன். அவன் வாயை ஒருதரம் பாத்துட்டு, உன் கையையும் ஒருதரம் பாப்பேன். தப்பா எடுத்துக்காத. எனக்கு அந்தச் சந்தேகம் போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

முட்டிக்கு அண்ணன் ஏதோ ஒரு

முப்பத்தி ஒண்ணு கூப்பிடுறாங்க. நான் போகணும்.